வாய்க்கும் செவிக்கும் இடையே: மேடை ஒலியமைப்பில் குரல் சிதைவும் அதனைக் களையும் முறையும்



மொழி பற்றிய பொதுச் சொற்பொழிவு வரிசையில் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் பேசுபொருளாக எடுத்துக்கொள்வது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். எனினும் இன்று ஜொகூரில் மேடைத்தமிழ் கேட்போர் செவியை அடைவது பெரும்பாலும் இக்கருவிகளின் வழியேதான். தமிழ்ப்பள்ளியின் சபைக்கூடல், செந்தமிழ் விழாவின் பேச்சுப்போட்டி, கோயில் மண்டபத்தில் நிகழும் சமயச் சொற்பொழிவு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் ஆகிய யாவற்றுக்கும் ஒரே வகையான கருவித் தொகுதியே துணைநிற்கிறது. இரண்டு ஒலிவாங்கிகள், மிக்சர் எனப்படும் ஒலிக்கலவைக் கருவி, தாங்கியின்மேல் நிறுத்தப்படும் இரண்டு ஒலிபெருக்கிகள், சில கம்பிவடங்கள், அவ்வளவே. ஒரு வேனில் ஏற்றி மூவாருக்கும் குளுவாங்கிற்கும் மெர்சிங்கிற்கும் கொண்டுசெல்லத்தக்க எளிய அமைப்பு அது. எளிதாகக் கொண்டுசெல்லலாம் என்பதனாலேயே அஃது ஒவ்வொரு நாளும் புதிய இடத்தில், புதிய கைகளால், அவசரமாகப் பொருத்தப்படுகிறது. குரல் சிதைவதற்கான வாய்ப்பும் அங்கேயே பிறக்கிறது.

நாம் இன்று எடுத்துரைக்க விழைவது ஒன்றே. மேடையில் குரல் கரகரக்கும்போது குற்றம் ஒலிபெருக்கியின்மீதே சுமத்தப்படுகிறது. உண்மையில் சிதைவு பெரும்பாலும் அதற்கு வெகுமுன்னரே, ஒலிவாங்கியை அடுத்துள்ள முதற்படியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. முதற்படியில் கெட்ட ஒலியை அடுத்துவரும் எந்தப் படியும் திருத்தித் தராது. ஆகவே தேடலை வாயிலிருந்து தொடங்கிச் செவியை நோக்கிச் செல்ல வேண்டும்.

பிறப்பியலுக்கு அப்பால்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களின் தொழிலால் எழுத்தொலியாகும் வகையைக் கூறுகிறது. அந்நூலின் ஆராய்ச்சி இதழோடு முடிகிறது. ஒலிவாங்கியின் முன் நிற்கும் இக்காலப் பேச்சாளருக்கோ இதழுக்கு அப்பால் மற்றொரு நெடும்பயணம் தொடங்குகிறது. குரல் முதலில் ஒலிவாங்கியில் மின்னலையாக மாறுகிறது; கம்பிவடத்தின் வழியே மிக்சரின் முன்பெருக்கியை அடைகிறது; அங்கிருந்து பொது அளவுக் குமிழ், திறன்பெருக்கி, ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கடந்து, மண்டபத்தின் சுவர்களிலும் கூரையிலும் மோதிச் செவியை அடைகிறது. நாவும் அண்ணமும் செய்த நுண்ணிய வேறுபாடு இவ்விடங்களுள் எதில் வேண்டுமானாலும் அழிந்துபோகலாம்.

அழிவது எது என்பதையும் அறிதல் வேண்டும். பேச்சின் ஆற்றலில் பெரும்பகுதி உயிரொலிகளில், 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குக் கீழே தங்கியிருக்கிறது. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் மெய்யொலி அடையாளங்களோ பெரும்பாலும் அதற்கு மேலே, மிக மெலிந்த ஆற்றலோடு நிற்கின்றன. வால், வாள், வாழ் என்னும் மூன்று சொற்களை ஒலித்துப் பாருங்கள். மூன்றிலும் ஆகாரமே ஓங்கி ஒலிக்கிறது. லகர, ளகர, ழகரங்களைப் பிரித்தறியச் செவிக்கு உதவும் குறிப்புகள் பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் அடங்குகின்றன. அப்பகுதி மூடப்பட்டாலோ, பொய்யான ஒலிகளால் நிரப்பப்பட்டாலோ மூன்று சொற்களும் ஒன்றாகிவிடும். பல்லியும் பள்ளியும், பனியும் பணியும், அலகும் அழகும் அவ்வாறே.

முகடு வெட்டப்படுதல்

கரகரப்பு எவ்வாறு தோன்றுகிறது? ஒலிவாங்கி தரும் மின்னலை மிகச் சிறியது. சில மில்லிவோல்ட் அளவினது. மிக்சரின் வெளியீட்டில் தொழில்முறைக் கருவிகள் கையாளும் அளவோ 1.23 வோல்ட். சிறியதைப் பெரிதாக்கும் பணியை முன்பெருக்கி செய்கிறது. எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும் என்பதை, மிக்சரில் ஒவ்வொரு தடத்தின் உச்சியிலும் அமைந்துள்ள ‘கெயின்’ குமிழ் தீர்மானிக்கிறது. முன்பெருக்கிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை மீறி எழும் அலையின் முகடு வளைந்து செல்லாமல் தட்டையாக வெட்டப்படும். அலையின் வடிவம் மாறவே, மூலக்குரலில் மெலிதாக இருந்த உயர் அதிர்வெண் பகுதி செயற்கையாகப் பெருத்துவிடும். ஓங்கி ஒலித்த உயிரொலியின் இந்தப் பொய்ச்சாயலே மெய்யொலிக்கு உரிய இடத்தில் போய் அமர்கிறது. அருவியின் இரைச்சலில் குயிலின் குரல் மறைவதுபோல, உயிரின் கரகரப்பில் மெய் மறைகிறது.

தமிழ்ப் பேச்சு மேடைக்கு இச்சிக்கல் சற்று மிகுதியாகவே நேர்கிறது. அதற்குக் காரணம் நம் பேச்சு மரபில் உள்ளது. ஒலிவாங்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி உச்சக் குரலில் பாடியோராகவே எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இன்றளவும் நினைவுகூரப்படுகின்றனர். ஒலிவாங்கி வந்தபின் உரத்துப் பேச வேண்டிய தேவை நீங்கிற்று. 1919ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சான் டியேகோவில் பெருந்திரளான மக்களிடம் மின்வழி ஒலிபெருக்கியின் துணையோடு உரையாற்றியது இத்துறையின் தொடக்ககால நிகழ்ச்சிகளுள் ஒன்று. தேவை நீங்கியபோதும் வழக்கம் நீங்கவில்லை. நம் மாணவர் பேச்சைத் தணிந்த குரலில் தொடங்குகிறார். உவமையும் அடுக்குத்தொடருமாக ஏறிச்சென்று, முடிவில் முழங்குகிறார். தணிந்த குரலுக்கும் முழக்கத்துக்கும் இடையே 20 டெசிபல் வேறுபாடு இருப்பது அரிதன்று. 20 டெசிபல் என்பது மின்னழுத்தத்தில் 10 மடங்கு. தொடக்கத்தின் தணிந்த குரலைக் கேட்டு ‘போதவில்லை’ என்று கெயினை உயர்த்திவிட்டால், முழக்கம் வரும்போது எல்லை மீறுவது உறுதி. பேச்சின் உயிர்நாடியான இறுதிப்பகுதியே சிதைந்து ஒலிக்கிறது.

இங்கே நேர்மையாக ஒரு மறுப்பையும் கருத வேண்டும். 1940களில் அமெரிக்க அறிஞர் ஜே. சி. ஆர். லிக்லைடர், முகடுகள் கடுமையாக வெட்டப்பட்ட பேச்சிலும் சொற்கள் பெருமளவு புரிகின்றன என்று ஆய்வில் காட்டினார். அப்படியாயின் கரகரப்பைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு? ஆய்வு அமைதியான சூழலில் நிகழ்ந்தது. கேட்டோர் அம்மொழியை முற்றும் அறிந்தவர்கள். நம் மண்டபத்திலோ மின்விசிறியின் ஓசையும் சுவரின் எதிரொலியும் சேர்ந்துகொள்கின்றன. அதனினும் முதன்மையானது கேட்போரின் நிலை. தமிழில் ஊறியவர் விடுபட்ட ஒலியைச் சூழலால் நிரப்பிக்கொள்வார். வீட்டில் வேறுமொழி பேசிப் பள்ளியில் மட்டும் தமிழைக் கேட்கும் சிறுவருக்கு அவ்வாறு நிரப்பிக்கொள்ளும் சேமிப்பு இன்னும் இல்லை. அவர் கேட்பதையே கற்கிறார். போட்டி மேடையில் நிற்கும் மாணவர்க்கும் இது நீதி பற்றிய செய்தி. பல வாரம் பயின்று திருத்திய ழகரத்தை நடுவர் கேட்க இயலாமற்போனால், உச்சரிப்புக்குரிய புள்ளிகளை அவர் எதைக்கொண்டு வழங்குவார்?

செவியால் நோயறிதல்

நோய் அறிந்த பின்னரே மருந்து. ‘மைக் சரியில்லை’ என்னும் பொதுப் புகார் எதற்கும் உதவாது. குரல் எவ்வகையில் கெடுகிறது என்பதைச் செவி பிரித்தறிய வேண்டும்.

உரத்த இடங்களில் மட்டும் கரகரத்தால், எங்கோ ஒரு படியில் முகடு வெட்டப்படுகிறது. எப்போதும் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலித்தால், தாழ் அதிர்வெண் மிகுந்துள்ளது என்று பொருள். மேடைகளில் மிகுதியாகக் காணப்படும் ஒருதிசை ஒலிவாங்கி, வாய்க்கு மிக நெருங்கும்போது தாழ்ந்த ஒலிகளைத் தானாகவே மிகுத்துக்காட்டும் இயல்புடையது. அதன் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் திசையுணர்வும் கெட்டு, குரலும் குழம்பி, ஊளைச்சத்தமும் எழும். வலைத்தலைக்குள் உள்ள நுரைப்பஞ்சில் எச்சிலும் தூசியும் படிந்திருப்பதும் மந்தத்துக்குக் காரணமாகலாம். பல ஒலிவாங்கிகளில் வலைத்தலையைத் திருகிக் கழற்றலாம். அதனைத் தனியே கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்துவதே போதுமான மருத்துவம்.

பகரம் வரும் இடந்தோறும் ‘டப்’பென்று வெடித்தால், இதழிலிருந்து பாயும் காற்று நேரே ஒலிவாங்கியைத் தாக்குகிறது. ஒலிவாங்கியைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்து, 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வெட்டும் பொத்தானை அழுத்தினால் வெடிப்பு தணியும். ஒலி விட்டுவிட்டு வந்தால், கம்பியில்லா ஒலிவாங்கியின் மின்கலம் தளர்ந்திருக்கலாம், அல்லது வடத்தின் முனை உடைந்திருக்கலாம். யாரும் பேசாதபோதும் தாழ்ந்த முனகல் கேட்டால், 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ஓசை எங்கோ கலக்கிறது. இம்முனகலை நீக்குவதற்காக மூன்று முனைச் செருகியின் நிலத்தொடர்பைத் துண்டிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. 230 வோல்ட் மின்சாரம் ஓடும் கருவியின் உயிர்க்காப்பே அந்தத் தொடர்புதான். எக்காரணத்தாலும் அதனைத் தொடுதல் ஆகாது. மிக்சரையும் ஒலிபெருக்கியையும் ஒரே மின்வாயிலிலிருந்து இயக்குவதும், சமநிலை வடங்களைப் பயன்படுத்துவதும் பாதுகாப்பான வழிகள்.

தேடும் முறை

வகை தெரிந்தபின் இடத்தைத் தேட வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒழுங்கு ஒன்றே போதும். ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே அவ்வொழுங்கு. மூன்று குமிழ்களை ஒருங்கே திருகிவிட்டு ஒலி சீரானால், எது சீராக்கியது என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த வாரம் அதே நோய் மீண்டும் வரும்.

முதற்சோதனை மிக எளிது. ஒருவரை உரத்துப் பேசச்சொல்லி, மிக்சரின் பொது அளவுக் குமிழைப் பாதியாகக் குறையுங்கள். கரகரப்பு மறைந்து ஒலி தெளிந்தால், சிதைவு குமிழுக்குப் பின்னே, திறன்பெருக்கியிலோ ஒலிபெருக்கியிலோ அவற்றின் உள்ளீட்டிலோ நிகழ்ந்தது. ஒலி குறைந்தும் கரகரப்பு அப்படியே நின்றால், சிதைவு குமிழுக்கு முன்னே நிகழ்ந்திருக்கக்கூடும். ஒலிபெருக்கியின் தாள்கூம்பு கிழிந்திருந்தாலும் குறைந்த அளவில் கரகரப்பு நிற்கும். ஆகவே இரண்டாம் சோதனையாக, நன்கறிந்த ஒரு பாடலை வேறொரு தடத்தின் வழியே தணிந்த அளவில் ஒலிக்கவிடுங்கள். பாடலும் கரகரத்தால் கூம்பு பழுது. பாடல் தெளிவாக இருந்தால் நோய் ஒலிவாங்கியின் தடத்தில்தான் உள்ளது.

மூன்றாவதாக, அத்தடத்தைக் காதுப்பொறியால் கேளுங்கள். பல மிக்சர்களில் இதற்கெனத் தனிப் பொத்தான் உண்டு. அங்கேயே கரகரத்தால் கெயினைக் குறையுங்கள். பேச்சாளர் தம் உரையின் உச்சமான வரியை முழக்கத்தோடு சொல்லும்போது சிவப்பு விளக்கு எரியாத அளவே சரியான அளவு. குறைவாகக் கேட்டால் பொது அளவுக் குமிழை உயர்த்திக்கொள்ளலாம். கெயினைத் தொட வேண்டா. கெயினைக் குறைத்தும் கரகரப்பு நீங்கவில்லையெனில் வடத்தை மாற்றுங்கள், பின்னர் ஒலிவாங்கியை, பின்னர் தடத்தை. கம்பியில்லா ஒலிவாங்கியாயின் அதன் அனுப்பியிலும் தனியே ஒரு கெயின் உண்டு என்பதை மறவாதீர்கள். அங்கே வெட்டப்பட்ட முகடு மிக்சரின் எந்தக் குமிழாலும் மீளாது.

நான்காவது, எடுத்துச்செல்லும் அமைப்புகளுக்கே உரிய ஒரு பிழை. இக்கால ஒலிபெருக்கிப் பெட்டிகள் பலவற்றின் முதுகில் ‘மைக்’, ‘லைன்’ என்று இரு நிலைகளைக் கொண்ட ஒரு சிறு சொடுக்கி உள்ளது. ஒலிவாங்கியை நேரே செருகினால் முதல் நிலை. மிக்சரிலிருந்து வடம் வந்தால் இரண்டாம் நிலை. மிக்சரின் வடம் செருகப்பட்டும் சொடுக்கி ‘மைக்’ நிலையில் நின்றுவிட்டால், சில மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கும் வாயிலில் அதனைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் நுழைகிறது. மிக்சரில் யாவும் பச்சை விளக்காக இருக்க, பெட்டி மட்டும் கரகரக்கும். பெட்டி பழுதென்று கடைக்கு அனுப்புமுன் இச்சொடுக்கியை ஒருமுறை பார்த்தல் நலம்.

இறுதியாக, ‘எக்கோ’ குமிழ். பாடலுக்கு இனிமை தருவது பேச்சுக்குப் பகை. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழுந்தால் ஒற்றெழுத்துகள் மறையும். பேச்சுக்கு அதனை முற்றும் அடைத்துவிடுவதே முறை.

மண்டபமும் மழையும்

கருவி நலமாக இருந்தும் குரல் தெளியாத நேரங்கள் உண்டு. திறந்த மண்டபமும் தகரக் கூரையும் கொண்ட பள்ளிகளில் மழை வந்தால் என்ன நிகழும் என்பதை இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சிறப்பாக மெர்சிங், கோத்தா திங்கி பக்கங்களில், இது வழக்கமான நிலைமை. அப்போது அளவுக் குமிழை எல்லைவரை திருகுவதே நம் முதல் எண்ணமாக இருக்கிறது. திறன்பெருக்கியின் ஆற்றலை இரண்டு மடங்காக்கினாலும் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. செவிக்கு அது சிறு வேறுபாடு. ஒலிவாங்கியை 20 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அதற்குள் புகும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. நான்கு மடங்கு ஆற்றலுக்கு இது நிகர். செலவு ஏதுமில்லை. அவ்வாறு நெருங்கும்போது கெயினைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை.

ஒலிபெருக்கிகளைக் கேட்போரின் தலைக்குச் சற்று மேலே உயர்த்தி, ஒலிவாங்கிக்கு முன்னே நிறுத்தி, மக்களை நோக்கித் திருப்புங்கள். சுவரை நோக்கிய ஒலி எதிரொலியாகவே திரும்பும். நம் தட்பவெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. 35 மீட்டர் கூடுதலாகச் சுற்றிவரும் ஒலி நொடியில் பத்திலொரு பங்கு பிந்திவரும். அந்த இடைவெளியில் ஒரு குற்றெழுத்தே ஒலித்து முடிந்துவிடும். மழை கடுமையாயின் சில நிமிடம் பேச்சை நிறுத்திவைப்பதே சிறந்த நுட்பம். போட்டியில் அது மாணவருக்குச் செய்யும் நீதியுமாகும்.

ஒலியமைப்புக்குச் சொல்வதெழுதுதல்

நிகழ்ச்சிக்கு முன் ‘ஹலோ, ஒன், டூ, த்ரீ’ என்று சொல்லிப் பார்ப்பது பரவலான வழக்கம். அச்சொற்கள் ஒலி வருகிறதா என்பதைக் காட்டுமேயன்றித் தமிழ் வருகிறதா என்பதைக் காட்டமாட்டா. அதற்கு மாற்றாக, ஆசிரியர்கள் நன்கறிந்த ஒரு பயிற்சியை நாம் முன்மொழிகிறோம். ஒரு மாணவர் மேடையில் நின்று பத்துச் சொற்களைத் தனித்தனியே வாசிக்கட்டும்: வாள், பணி, கலை, பள்ளி, அலகு, வாழ், களை, பனி, அழகு, பல்லி. பட்டியலைப் பாராத மூன்று மாணவர்கள் முதல் வரிசையிலும் நடுவிலும் கடைசி வரிசையிலும் அமர்ந்து தாம் கேட்டதை எழுதட்டும். வாசிப்பவர் வாயைக் காணாதவாறு அவர்கள் திரும்பி அமர்வது நன்று. ஒவ்வொரு முறையும் சொற்களின் வரிசையை மாற்ற வேண்டும்.

முதல் வரிசையினர் சரியாக எழுதிக் கடைசி வரிசையினர் பிழைத்தால் சிக்கல் மண்டபத்திலோ ஒலிபெருக்கியின் இடத்திலோ உள்ளது. மூவரும் ஒரே சொல்லில் பிழைத்தால் ஒலிவாங்கித் தடத்தை ஆராயுங்கள். அச்சொல்லை வாசித்தவரின் உச்சரிப்பையும் கருவியின்றி ஒருமுறை கேளுங்கள். இரண்டையும் பிரித்தறிவதே இச்சோதனையின் பெரும்பயன். கருவியின் பிழையை மாணவர்மீதும், மாணவரின் பிழையைக் கருவிமீதும் சுமத்தாமல் தப்பலாம். பத்து நிமிடத்தில் இது முடிந்துவிடும்.

ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு மாணவர்களுக்கேனும் இப்பயிற்சியைப் புறப்பாட நடவடிக்கையாகத் தரலாம். நிகழ்ச்சி முழுவதும் அவர்களுள் ஒருவர் மிக்சரின் அருகிலேயே இருக்க வேண்டும். முதலாம் ஆண்டு மாணவர் பேசி முடித்து இறங்க, தலைமையாசிரியர் அதே ஒலிவாங்கியின் முன் நின்றால் உயரமும் குரலும் முற்றிலும் மாறிவிடுகின்றன. தாங்கியின் உயரத்தையும் கெயினையும் அந்த நொடியிலேயே மாற்ற ஒரு கை அங்கே தேவை. சரியான நிலைகளைக் குறித்துவைக்க ஒரு குறிப்பேடும் இருந்தால், அடுத்த ஆண்டு மாணவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இயற்பியல் பாடத்தின் அலையும் தமிழ்ப் பாடத்தின் எழுத்தொலியும் ஒரே மேசையில் சந்திக்கும் அரிய வாய்ப்பும் அம்மாணவர்க்கு அமையும்.

ஒலிப்பைத் திருத்துவதில் நம் ஆசிரியர்கள் செலவிடும் உழைப்பு பெரிது. அவ்வுழைப்பின் பயன் மேடையில் நிற்கும் சிறுவரின் நாவிலிருந்து புறப்பட்டுக் கடைசி வரிசைச் சிறுவரின் செவியை அடையும்போதே நிறைவுறுகிறது. இடையிலுள்ள வழியைச் செப்பமாக வைத்திருப்பதும் மொழிப்பணியே.